ஒரே அச்சில் வார்த்த தூக்கம்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று எல்லோரும்தான் சந்தேகப்படுவார்கள். கணக்கு மேடம் இந்தத் தண்ணீரில் பால் கலந்திருக்கிறதா என்று கேட்கிற ரகம். கேட்டுவிட்டு, பால்காரர் முகம் போகிற போக்கையும் கவனித்து வைத்துக்கொள்வார்.

அந்தப் பெயரை வைத்தவர்கள் முதியோர் இல்லத்துக்காரர்கள். மேடத்தின் உத்தியோகம் பக்கத்து ஆஸ்பத்திரியில், புள்ளியியல் பிரிவில். ஒரு மருந்து இன்னொரு மருந்தைவிட உண்மையிலேயே நல்லதா, இல்லை குருட்டாம்போக்கில் நல்லதுபோலத் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுத்து, வருஷா வருஷம் பாராட்டும் கொடுக்கிற வேலை. மனுஷி கெட்டுப்போகாமல் என்ன செய்வார்?

இந்தத் தடவை தூக்க மாத்திரை. ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்: வெள்ளை நிறம், நடுவில் ஒரு கோடு. அட்டையில் மட்டும் வித்தியாசம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். எந்த அட்டையில் எந்த மருந்து என்பது பெரிய டாக்டரின் பீரோவுக்குத்தான் தெரியும். பரிசோதனை அந்த முதியோர் இல்லத்தில். அங்கே எல்லாம் இரட்டைக் கட்டில் அறைகள். அறைக்கு அறை ஒருவருக்குப் பச்சை, பக்கத்துக் கட்டிலுக்கு மஞ்சள். தெருநாய் குரைத்தால் இருவருக்கும் ஒரே குரைப்பு, புழுங்கினால் இருவருக்கும் ஒரே புழுக்கம். ஆகவே ஒருவர் தூக்கத்தில் மற்றவர் தூக்கத்தைக் கழித்தால் மருந்தின் வேலை தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு மேடத்தின் சொந்த மூளையில் உதித்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரவெல்லாம் அறை அறையாகப் போய், யார் தூங்குகிறார், யார் விழித்திருக்கிறார் என்று மணிக்கொரு தரம் குறிக்கிற நர்ஸ், மேடத்தின் நாத்தனார். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். வேலை தற்காலிகம்; இந்தப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று பெரிய டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். சிபாரிசு செய்தது மேடம்தான். செய்த அன்றே கண்டித்தும் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில அண்ணின்னு கூப்பிடக் கூடாது. மேடம்னு கூப்பிடு. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரி அண்ணி" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வராண்டாவில், மாடிப்படியில், டாக்டர்கள் கூடி நிற்கிற இடத்தில், எங்கே பார்த்தாலும் "அண்ணி, சாப்டீங்களா?" என்பாள். மேடம் பல்லைக் கடிப்பார். உலகமே அவரை மேடம் என்று கூப்பிட்டது. புருஷனுக்கு ஒரே தங்கை என்பதால், அண்ணி என்று கூப்பிட அவள் ஒருத்திதான்.

பரிசோதனை பாதியைத் தாண்டியதும் மேடம் எண்களை எடுத்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். அறைக்கு ஒரு புள்ளி. பச்சைக்காரர் அதிகம் தூங்கினால் புள்ளி மேலே, மஞ்சள்காரர் அதிகம் தூங்கினால் கீழே. தூக்கம் ஆளுக்கு ஆள் மாறுகிற சமாசாரம். இரண்டு மருந்தும் சமமாகவே இருந்தாலும் புள்ளிகள் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாகச் சிதறித்தான் கிடக்க வேண்டும். இங்கே அத்தனையும் நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்டு வரிசை கட்டி நின்றன. தாத்தா நாலு மணி நேரம் தூங்கினால் பக்கத்துக் கட்டில் தாத்தாவும் நாலு மணி நேரம். இவர் ஒரு இரவு புரண்டால் அவரும் அதே இரவு புரள்கிறார். ஏழாம் நம்பர் அறை ஒன்று மட்டும் தறிகெட்டுக் கீழே கிடந்தது.

மேடத்தின் காதுக்குள் மணி அடித்தது. ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே அச்சில் வார்த்ததுபோல எப்படித் தூங்குவார்கள்? ஒரு வழியில்தான் முடியும். குறிக்கிறவள் ஒரு கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு கட்டிலுக்கும் சேர்த்து எழுதினால் முடியும். அதுகூட இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினாலும் முடியும். தூக்கத்தைக் கணக்கெடுக்கப் போனவள் தூங்கிவிட்டாளோ?

அச்சு அசலாக ஒன்றாக இல்லையே, அங்கங்கே ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறதே என்று மனசின் ஒரு மூலை சொன்னது. மேடம் அந்த மூலையை அதட்டி உட்கார வைத்தார். கெட்டிக்காரி அப்படித்தான் எழுதுவாள். அப்படியே பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாதவளா?

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அது கேட்கிற தீனி எல்லாம் தானாகக் கிடைக்கும். காலையில் வேலை முடிந்து சின்னவள் முகம் கழுவி, பளிச்சென்று வீட்டுக்கு வந்தாள். ராத்திரி முழுக்க நடந்தவள் முகமா இது என்று மேடம் பார்த்தார். மறுநாள் வாடி வதங்கி வந்தாள். நடிக்கிறாள் என்று தோன்றியது. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டால், நேற்றுவரை பிடிக்காதவள் இன்றைக்கு ஏன் பிடிக்கிறாள்? பாவம், அந்தப் பெண் எப்படி வந்திருந்தாலும் குற்றம்தான்.

இதற்கு ஒரு பழைய வேர் இருந்தது. கல்யாணமான புதிதில் மேடத்தின் கம்மல் ஒன்று காணாமல் போயிற்று. அப்போது வீட்டில் இருந்த வெளி ஆள் என்றால், காலேஜ் லீவுக்கு வந்திருந்த சின்னவள். மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோவுக்குப் புதுப் பூட்டு மட்டும் போட்டார். கொஞ்ச காலம் கழித்து அவருடைய ஸ்வெட்டரின் கை மடிப்பிலிருந்தே கம்மல் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார். யாரையும் குற்றம் சொல்லவில்லையே, பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு காலை, டீ ஆற்றிக்கொண்டே மேடம் போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"அந்த ஏழாம் நம்பர் ரூம் மட்டும் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஒரு அம்மா நல்லா தூங்குறாங்க, இன்னொருத்தங்க கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்காங்க?"

"அதுவா அண்ணி? அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. ஜன்னலைத் திறக்கிறதா மூடுறதான்னு சண்டை. ரூமுக்கு நடுவுல திரை கட்டியிருக்காங்க."

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார். தூக்கம் என்ன பேச்சுவார்த்தையா, பேசிக்கொண்டால் ஒன்றாக வர? கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். மழுப்பல். திரை கட்டியிருப்பதால் அங்கே மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துத் தொலைய வேண்டியிருக்கிறது, அதனால்தான் அங்கே மட்டும் உண்மை எழுதியிருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற எதையும் நம்பக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவர் மேடம். தனக்கு என்று வரும்போது அந்தப் பாடத்துக்கு அவர் லீவு விட்டுவிட்டார்.

அன்றைக்கே பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். வரைபடத்தை மேஜையில் விரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ உங்க நாத்தனார் இல்ல?"

"இருந்தா என்ன டாக்டர்? கணக்குக்கு உறவு கிடையாது."

சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது உண்மை. டாக்டர் யோசித்தார். பொய்யாக எழுதியது நிரூபணமானால் நிரந்தர வேலை என்ன, நர்ஸ் பதிவே ரத்தாகும், எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது என்றார். விசாரணை முடிகிறவரை சின்னவள் வேலைக்கு வர வேண்டாம். யார் சந்தேகப்பட்டது என்பதை அவளிடம் மறைக்கவும் முடியாது, விதி அப்படி. "நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்றும் கேட்டார்.

"கேட்டா உஷாராயிடுவா டாக்டர்" என்றார் மேடம்.

சின்னவள் அழவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்தவள் வெள்ளை உடுப்பைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனாள். மேடத்தின் புருஷன்தான் கூடத்தில் நின்றபடி கேட்டார்.

"ஏம்மா, ஒரே வீட்டுல இருக்கோம். அவகிட்ட கேட்டிருக்கலாமே?"

"உங்க தங்கைன்னா விட்டுடணுமா?"

"விடச் சொல்லல. கேட்டிருக்கலாமேன்னுதான் சொல்றேன்."

அந்தக் கேள்விக்கு மேடம் கண்டுபிடித்த மருந்து, இன்னும் பலமான ஆதாரம் தேடுவது. ராத்திரி நர்ஸ் வரவே இல்லை என்று ஒரே ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் போதும். மனசும் அடங்கும்.

மறுநாள் சாயங்கால டீ வேளையில் இல்லத்துக்குப் போனார். பினாயில் வாசனை, தேய்ந்த சிமெண்ட் தரை, சுவரோரம் கைப்பிடிக் கம்பி. முதல் அறையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர்; இன்னமும் எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிடுகிறார்கள். மற்றவர் தையல்காரர், விரல் நுனிகள் இன்னும் ஊசி பிடித்த வாக்கிலேயே இருக்கும். பச்சை அட்டை டிரைவருக்கு, மஞ்சள் அட்டை தையல்காரருக்கு.

"வாங்க கணக்கு மேடம்!" என்றார் டிரைவர். "எங்க சிஸ்டரை எங்க காணோம்? நேத்து வேற ஒரு பொண்ணு வந்துச்சு. டார்ச்சை நேரா மூஞ்சியில அடிக்குது."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதைத்தான் கேக்க வந்தேன் ஐயா. அந்த சிஸ்டர் ராத்திரியில வருவாங்களா? பொய் சொல்ல வேண்டாம்."

"வருமாவா? மணி அடிச்ச மாதிரி வரும். டார்ச்சைக் கையால மூடிட்டு வரும், வெளிச்சம் கண்ணுல படக் கூடாதுன்னு. நான் முழிச்சிருந்தா போர்வையை இழுத்து விட்டுட்டு, இவர் கட்டிலுக்குப் போய் மூச்சு கேட்டுட்டுத்தான் போகும்."

"ரெண்டு கட்டிலையும் பார்ப்பாங்களா?"

"பின்னே? ஒரு கட்டிலைப் பார்த்துட்டு எந்த நர்ஸாவது போவாளா?"

அந்த நேரம் பணியாள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். டிரைவருக்கு உப்பு பிஸ்கட், தையல்காரருக்கு இனிப்பு பிஸ்கட். தையல்காரர் இரண்டையும் எடுத்தார். இரண்டையும் நடுவில் அளவெடுத்ததுபோல ஒடித்தார். உப்பில் பாதி, இனிப்பில் பாதி டிரைவர் சாஸரில் வைத்தார். மீதியைத் தன் சாஸரில் வைத்துக்கொண்டார். டிரைவர் நன்றிகூடச் சொல்லவில்லை, அவ்வளவு பழகிப்போன காரியம். செய்தித்தாளும் நடுத்தாளோடு இரண்டாகப் பிரிந்து இரண்டு கட்டிலிலும் கிடந்தது.

மேடம் அந்தப் பாதி பிஸ்கட்டையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வார்த்தை தானாக வெளியே வந்தது.

"மாத்திரை?"

"அதுவும் இப்படித்தான்" என்றார் தையல்காரர், பெருமையாக. "நடுவுல கோடு இருக்கே, நகத்தால ஒரு அழுத்து அழுத்தினா நேரா வந்துடும். பச்சையில பாதி, மஞ்சள்ல பாதி. சிஸ்டர் ராத்திரி வந்ததுமே கிண்ணத்துல வெச்சுட்டுப் போயிடும், படுக்கிறப்போ போட்டுக்கங்கன்னு. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கிட்டு, சேர்ந்து விளக்கை அணைச்சிடுவோம்."

"ஏன்?" மேடத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன்னா? நீங்கதானே சொன்னீங்க!" என்றார் டிரைவர். "ஆரம்பத்துல எங்களை எல்லாம் ஹால்ல உட்கார வெச்சுப் பேசினீங்களே. ரெண்டுல எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கே தெரியாததை ஒரு மனுஷன் முழுசா முழுங்கலாமா? நல்லதா இருந்தா ரெண்டு பேருக்கும் கிடைக்கட்டும். கெட்டதா இருந்தா ஆளுக்குப் பாதியோட போகட்டும். ஒருத்தர் தலையிலயே ஏன் கட்டணும்?"

"இவர் முழிச்சிட்டிருந்தா நான் எங்க தூங்குறது?" என்றார் தையல்காரர். "இவர் பாத்ரூமுக்கு எழுந்தா எனக்கும் முழிப்பு வந்துடும். ஒண்ணா தூங்கினாத்தான் தூக்கம்."

"நீங்க ரெண்டு பேர் மட்டுமா?"

"எல்லா ரூம்லயும்தான். நல்ல யோசனைன்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லல, அது பயந்துக்கும். தப்பா மேடம்?"

மேடம் எழுந்தார். கால்கள் ஏழாம் நம்பர் அறைக்கு நடந்தன. நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கத்து அம்மாவிடம், மாத்திரையைப் பக்கத்துக் கட்டிலோடு பங்கு போடுவதுண்டா என்று கேட்டார்.

"அவளோடயா?" அந்த அம்மா திரைக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "அவ தொட்ட மாத்திரையை நான் தொடுவேனா? என் மாத்திரை எனக்கு. நல்லா தூங்குறேன். அவ பாடு அவளுக்கு."

"எனக்கும் உன் மாத்திரை ஒண்ணும் வேண்டாம்!" என்றது திரை.

அந்த இல்லத்திலேயே, மருந்தை எழுதிக் கொடுத்தபடி முழுசாகச் சாப்பிட்டவர்கள் இந்த இரண்டு ஜன்மப் பகையாளிகள் மட்டும்தான். தறிகெட்டுக் கீழே கிடந்த அந்த ஒரு புள்ளிதான் மருந்தின் மெய். மற்றதெல்லாம் பாதியும் பாதியும் கலந்த கூழ். சின்னவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். ஒன்றாகத் தூங்கியவர்களை ஒன்றாகத் தூங்கினார்கள் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தண்டனை அதற்குத்தான்.

மேடம் வராண்டாவுக்கு வந்தார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். எந்த வாக்கியத்தை நேர்மையின் சிகரம் என்று நினைத்து ஹாலில் சொன்னாரோ, அந்த வாக்கியத்தைத்தான் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கிறார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? தராசில் நிறுப்பதற்காக இரண்டு தட்டில் வைத்ததை, பாவம் பார்த்துச் சமமாகப் பங்கு போட்டுவிட்டார்கள்.

மேடம் போய்ச் சொன்னதும் பெரிய டாக்டர் முதலில் பதறிப்போய் எல்லோரையும் பரிசோதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தார். சின்னவள்மேல் எந்தப் பழியும் இல்லை, உடனே வேலைக்கு வரலாம், நிரந்தர வேலைக்கு நானே எழுதுகிறேன் என்றார். பரிசோதனையை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். அதற்கு மேடம் அங்கேயே உட்கார்ந்து வழி சொன்னார்: ஓர் அறையில் இருவருக்கும் ஒரே நிற அட்டை, கொஞ்ச நாள் கழித்து இருவருக்கும் மற்ற நிறம். பங்கு போட்டாலும் பாதகமில்லை. டாக்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டு மேடத்துக்கு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மேடம் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட், கோடு, பாதி, ஏழாம் நம்பர். "என் தப்புதான். மன்னிச்சிடு" என்றும் சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ காலம்.

சின்னவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. டிரைவர் ஐயாவும் தையல்காரரும் எதையும் பாதிப் பாதியாத்தான் சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். மாத்திரையையும் அப்படிப் பண்ணுவாங்கன்னு தோணல. நீங்க கேட்டிருந்தா தோணியிருக்கும்."

"ஆமா."

"அன்னைக்குக் கம்மலுக்கும் கேக்கல. பூட்டு மட்டும்தான் போட்டீங்க."

இத்தனை காலமாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் வராண்டாவிலும் மாடிப்படியிலும் சாப்டீங்களா சாப்டீங்களா என்று கேட்டிருக்கிறாள்.

"அது கிடைச்சுடுச்சு" என்றார், அசட்டுத்தனமாக.

"தெரியும். உங்க காதுல பார்த்தேன்."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் மூடி வைத்திருந்த டீயை ஊற்றி மேடத்தின் பக்கத்தில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. சத்தம்கூட வரவில்லை. மேடத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அன்றிரவே போய் பீரோவின் பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்று புருஷனிடம் சொன்னார். அவர் ம் என்றார்.

பரிசோதனை மறுபடி தொடங்கியது. முதல் காலை, ஆஸ்பத்திரி வராண்டாவில், மேடம் மாடிப்படி இறங்கும்போதே சின்னவள் எதிரே வந்தாள். பக்கத்தில் டாக்டர்கள் நின்றிருந்தார்கள். மேடம் வழக்கம்போலப் பல்லைக் கடிக்கத் தயாரானார். சின்னவள் நின்றாள். இரவு குறித்த தாள்களை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரெண்டு கட்டிலையும் தனித்தனியா பார்த்துட்டேன். சரிபார்த்துக்கோங்க மேடம்."

மேடம் தாள்களை வாங்கிக்கொண்டார். இடத்துக்கு ஏற்றாற்போலப் பேசுகிறாள், இதைத்தானே சொல்லிக் கொடுத்தோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பகல் முழுக்க அந்தச் சமாதானம் தாங்கியது.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு. புருஷன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்ப உடுப்பு மாற்றி வந்த சின்னவள், குழம்புக் கிண்ணத்தை மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"போட்டுக்கோங்க மேடம்" என்றாள்.